தூசியைப் பற்றிப் பேசப் போனவள்

மைக் பிடித்துப் பேசுவதில் ஊர் எனக்கு ஒதுக்கிய வேலை ஒன்றே ஒன்றுதான்: வரவேற்புரை. மகளிர் குழு ஆண்டு விழா, பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினம், கால்நடை மருத்துவ முகாம், எதுவாக இருந்தாலும் "தையக்காரம்மாவ வரவேற்புரைக்குப் போட்டுடு" என்பார்கள். கவனித்துப் பாருங்கள், எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் பெண்களுக்கு இரண்டே இடம்தான். முதலில் வரவேற்புரை, கடைசியில் நன்றியுரை. நடுவில் நடக்கிற கூட்டம் ஆண்களுடையது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்க வைக்கிறார்களே, அது மாதிரிதான் இதுவும். நானும் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போய், "வருக வருக" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பேச்சாளர் என்றால் அது என் கணவரின் அண்ணன்தான். மாமா என்று கூப்பிடுகிற முறை. கூப்பிடுகிற முறை என்பதே ஒரு பேச்சுக்குத்தான். தம்பி மனைவியோடு மூத்தவர் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நான் வாசலில் எதிரே நிற்கும்போதே, "தம்பி, மோட்டார நிறுத்தச் சொல்லு" என்று என் தலைக்கு மேலே இருக்கிற கூரை ஓடுகளைப் பார்த்துச் சொல்வார். தம்பி அந்த நேரம் வயலில் இருப்பார். நான் போய் மோட்டாரை நிறுத்துவேன்.

பெரம்பலூரிலிருந்து தா.பழூர் வரைக்கும் மாமாவுக்குப் பேர் உண்டு. காதுகுத்து, புதுமனை புகுவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் பேசுவார். எல்லாவற்றையும் விடப் படத்திறப்பில்தான் அவர் ராஜா. செத்தவரை உயிரோடு பார்த்தேயிராதவர்கள்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் பேச்சுக்குள் நுழைவதற்கு முன்னால் அவருக்கு ஒரு பாதை உண்டு. மேடையில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக, ஊர், பட்டம், பதவி, அவருடைய அப்பா செய்த நல்ல காரியம் எல்லாம் சேர்த்து, "அவர்களே" போட்டு விளிப்பார். மேடை முடிந்ததும் கீழே முதல் வரிசை. அப்புறம் பந்தல் போட்டவர், மைக் செட்காரர், சமையல் மாஸ்டர். அது வெறும் பகட்டு என்று சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கம் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த மனிதர் அடுத்த பொங்கல் வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஒருத்தர் மனசும் கோணாமல் கூட்டத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வதற்கு மாமா கண்டுபிடித்த வழி அது. பேச நேரம் ஏராளமாக இருந்த மேடைகளில் அது நன்றாகவே வேலை செய்தது.

எங்கள் ஊருக்கு வடக்கே மேட்டுக்காட்டில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை நீட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோதுதான் வேறு மாதிரி மேடை ஒன்று எங்களுக்கு வந்து வாய்த்தது. அரியலூர் பக்கத்தில் சுரங்கம் புதிதில்லை. லாரி புதிதில்லை, தூசி புதிதில்லை. எங்களைப் பயமுறுத்தியது வேறு. கம்பெனியிலிருந்து வந்தவர் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு வரைபடத்தை விரித்து, புதுக் குழி வரப்போகிற இடத்தில் நீர்வழி எதுவும் கிடையாது, ஆகையால் ஊருக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்றார். அந்த இடத்தின் நடுவில்தான் எங்கள் ஏரிக்கு வரத்து வாய்க்கால் போகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் தண்ணீர் இருக்காது, சீமைக்கருவேல முள் மண்டிக் கிடக்கும். ஆனால் ஐப்பசியில் நல்ல மழை பிடித்தால் மேட்டுக்காட்டுத் தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகத்தான் ஏரிக்கு இறங்கும். ஏரிக்குக் கீழேதான் ஊர் நெல் போடுகிறது. எங்கள் வயலும் அங்கேதான். குழி வந்தால் தண்ணீர் குழிக்குள் போய்விடும், ஏரி வெறும் மைதானமாகிவிடும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். அதன் சட்டதிட்டத்தை எனக்குச் சொன்னது வேப்பந்தட்டையில் இருக்கும் என் அண்ணன். அவர்கள் பக்கத்துக் கல்குவாரிக்கு இப்படி ஒரு கூட்டம் நடந்தபோது போய்ப் பேசிவிட்டு வந்தவர். போனில் அவர் சொன்னது இதுதான்: ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் மைக் நின்றுவிடும். ஒருத்தருக்கு ஒரு முறைதான். மைக்கில் சொன்னதை ஒருவர் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். கடைசியில் அதை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். "அதுல ஏறுனாத்தான் ஏறுனது. வெளியில நின்னு நீ என்ன கத்துனாலும் கணக்குல வராது" என்றார்.

இதை என் கணவர் வழியாக மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். எழுதி மனுவாகவும் கொடுத்துவிடலாம் என்றும் சொல்லச் சொன்னேன். மாமா சிரித்தாராம். எத்தனையோ ஆபீசுக்கு எத்தனையோ மனு கொடுத்தாகிவிட்டது, காகிதம் காகிதத்தோடு போய்விடும், பேச்சுதான் ஆள் மனசில் நிற்கும் என்றாராம். ஊர்க்கூட்டத்திலும் அதையே சொன்னார். ஒரே விஷயத்தை எல்லாரும் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ஆளுக்கொரு பொருளைப் பிரித்துக் கொடுத்ததும் அவர்தான். வெடி வைப்பதால் சுவரில் விரிசல் ஒருவருக்கு. லாரியால் விபத்து ஒருவருக்கு. உள்ளூர் பையன்களுக்கு வேலை ஒருவருக்கு. வாய்க்கால் முக்கியம், அதனால் அது மாமாவுக்கு. ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்க யாருக்கும் தோன்றவும் இல்லை. எல்லாம் முடிந்தபின் ஒரு பெண் பிள்ளையும் பேசினால்தான் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, மாமா கூரையைப் பார்த்து, "தம்பி பொண்டாட்டி தூசியப் பத்திப் பேசட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. தூசி சின்ன விஷயம் என்பதால் இல்லை. அதைத் தினமும் துடைக்கிறவள் நான், அதன் கனம் எனக்குத் தெரியும். மிச்சம் மீதி விழுந்ததை எனக்குப் போட்டார்களே என்றுதான் கோபம். வந்த கோபத்தில் ஒரு முடிவு செய்தேன். தூசியைப் பற்றி இந்த ஜில்லாவிலேயே யாரும் பேசாத மாதிரி பேசிக் காட்டுவது என்று.

தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே அந்தப் பேச்சைத் தைத்தேன். ஒரு வெள்ளை லைனிங் துணியை ஈரப்படுத்தி வாசல் கொடியில் ஒரு நாள் முழுக்கக் காயப்போட்டேன். சாயங்காலம் எடுத்தபோது அது பழைய வேட்டி நிறத்துக்கு வந்திருந்தது. அதை மடித்து வைத்துக்கொண்டேன். மைக் முன்னால் போய் முதலில் அதை உதற வேண்டும், அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று திட்டம். என் கணவர் போனில் நேரம் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்காருவார். முதல் நாள் நான் முடித்தபோது அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு கூட்டத்துக்குப் பத்தும்" என்றார். வெட்டினேன். மறுநாள் மறுபடி வெட்டினேன். ஒரு ரவிக்கைத் துணியில் எத்தனை பேருக்கு வெட்ட முடியும் என்று பார்க்கிற தொழில்தானே என்னுடையது, ஆனால் சொந்த வார்த்தையை வெட்டுவது துணியை வெட்டுவது மாதிரி இல்லை, வலித்தது. என் கணவர் பேச்சு மன்னர் எல்லாம் கிடையாது. அவர் சொன்ன ஒரே யோசனை இது.

"சொல்ல வேண்டியத மொதல்ல சொல்லிடு. அப்பறம் மைக்கப் புடுங்குனாலும் புடுங்கிட்டுப் போறான்."

இதற்கு நடுவில் தையலுக்கு வருகிறவர்கள் வழி கேட்டு போன் செய்துகொண்டே இருப்பார்கள். சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து ரவிக்கை தைக்க வருகிறார்கள், எங்கள் வீடோ மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. மிஷினை நிறுத்தாமல், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, நிழற்குடைக்கு எதிரே இறங்கு, தரைப்பாலம் வரும், பனைமர வரிசையோடு வா என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். என் வாயில் ஓய்வே இல்லாமல் ஓடுகிற பாட்டு அது ஒன்றுதான். இதற்கெல்லாம் ஒத்திகை பார்த்ததில்லை.

மாமா ஒத்திகை பார்க்கவில்லை. கூட்டம் நெருங்க நெருங்க எனக்கு அது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. ராத்திரி சாப்பாட்டின்போது என் கணவரைக் கிள்ளி அனுப்பினேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, நேரம் வைத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா சொன்னது எனக்கே கேட்டது.

"எனக்கு ஒத்திகையா? மைக்கப் பாத்து வளந்தவன்டா நானு. அந்தப் புள்ளய அது வேலயப் பாக்கச் சொல்லு."

என் கணவர் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார். அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் அடி என்று அவருக்குத் தெரியும். நான் அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

கூட்டம் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். என் நாத்தனார் மகள் கல்யாணம் நடந்த அதே மண்டபம். மணமக்கள் நாற்காலி இருந்த இடத்தில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண் அதிகாரிதான் கூட்டத்தை நடத்தினார். ஓரத்தில் ஒரு பையன் லேப்டாப்பில் தட்டச்சு செய்யத் தயாராக இருந்தான். மேஜை மேல் ஒரு சின்ன மணி. வாசலில் போலீஸ். முன்வரிசைகளில் கம்பெனி ஆட்களும் லாரி வைத்திருக்கிறவர்களும் சீக்கிரமே வந்து இடம் பிடித்திருந்தார்கள். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். பேச விரும்புகிறவர்களுக்கு அப்போதே வரிசைச் சீட்டு கொடுத்தார்கள், பிறகு கேட்டால் கிடையாது. எங்கள் ஊரிலிருந்து முதலில் மாமா. கடைசியில் நான்.

மாமா சலவை வேட்டி கட்டி, கையில் ஒரு பொன்னாடைப் பெட்டி வைத்திருந்தார். அது எதற்கு என்று கணவரைக் கேட்டேன். அதிகாரிக்குப் போர்த்தவாம். யாரைப் பார்த்துக் கோரிக்கை வைக்கிறோமோ அவரை முதலில் கௌரவிக்க வேண்டாமா என்றாராம்.

மாமாவைக் கூப்பிட்டார்கள். நடந்து போன விதத்திலேயே மண்டபம் திரும்பிப் பார்த்தது. மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். குரல் என்ன குரல், வெண்கலம். "பெருமைக்கும் மரியாதைக்கும் உரிய" என்று தொடங்கினார். நடுவில் இருந்த அதிகாரியின் நேர்மையைப் புகழ்ந்தார், அவர்களே. வலது பக்க அதிகாரி, அவர்களே. இடது பக்க அதிகாரி இந்த மண்ணுக்கு வந்தது மண் செய்த பாக்கியம், அவர்களே. நான் மடியில் இருந்த துணியை முறுக்கினேன். என் கணவர் போனில் நேரத்தைப் பார்த்துவிட்டு அதைக் குப்புறக் கவிழ்த்தார். மாமா காவல்துறைக்கு வந்தார். பத்திரிகை நண்பர்களுக்கு வந்தார். கம்பெனி அதிகாரிகளைக்கூட விடவில்லை, விருந்தினர் அல்லவா. கடைசியாக எங்கள் ஊர் மக்களை விளித்து, ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிற அளவுக்கு நிறுத்தி, "எங்கள் ஊரின் உயிர்நாடியான" என்று அவர் குரலை ஏற்றியபோது மணி அடித்தது. மைக் நின்றது.

உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. அவர் மைக்கைத் தட்டினார். அதிகாரி பதவிசாக, நேரம் முடிந்துவிட்டது ஐயா, அடுத்தவர் வரட்டும் என்றார். மாமா பெட்டியைத் திறந்து பொன்னாடையோடு மேடைப்படியில் கால் வைத்தார். அரசு நிகழ்ச்சியில் அதெல்லாம் வாங்கக் கூடாது என்று அதிகாரி கை கூப்பிவிட்டார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விரித்த பொன்னாடையை மடிக்கத் தெரியாமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாமா திரும்பி நடந்து வந்ததை நான் பார்த்தேன். பேச்சு கேட்காத ஆள் என்று அவர் மேல் எனக்கு எத்தனையோ ஆத்திரம் உண்டு. அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை. அவர் அப்படி நடந்து வந்து நான் பார்த்ததே கிடையாது.

அடுத்து எங்கள் ஆள் வந்தார், விரிசலைப் பேசினார். அடுத்தவர் விபத்தைப் பேசினார். வாய்க்காலையும் சொல்லுங்கள் என்று அவர்களுக்குச் சாடை காட்டிப் பார்த்தோம். மேடையைப் பார்த்து நிற்கிறவனுக்குப் பின்னால் இருந்து காட்டுகிற சாடை எங்கே தெரியும்? வேலையைப் பற்றிப் பேச வேண்டியவரிடம் என் கணவர் குனிந்து ஓடிப்போய் வாய்க்காலைச் சொல்லும்படி கெஞ்சினார். தயார் செய்யாததைச் சொல்லப் போய் உளறிவிட்டால் ஊர் என்னைத்தான் பேசும் என்று அவர் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அதே பயம்தான். என் கையில் தூசிப் பேச்சு இருந்தது. அட்சரம் பிசகாமல் இருந்தது. வாய்க்காலைப் பற்றி ஒரு வரிகூட நான் யோசித்ததில்லை. அது எத்தனை சர்வே எண்ணில் போகிறது, எவ்வளவு நீளம், ஒன்றும் தெரியாது. எல்லாம் மாமா தலைக்குள் இருந்தது. மாமாவோ கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது கணவர் என் முழங்கையைப் பிடித்தார். உடனே விட்டுவிட்டார். மைக்குக்குப் போகிற தூரம் முழுக்க நான் வாய்க்கால், வாய்க்கால் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அங்கே போய் நின்றதும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லை. காதுக்குள் இரைச்சல். எத்தனை மேடையில் பேசியிருந்தால் என்ன, அடுத்தவர் வரவைச் சொல்லத்தான் என் நாக்குக்குத் தெரியும். அதிகாரி, பேசுங்கம்மா என்றார். அந்தம்மா வெளியூர்க்காரர், எங்கள் ஊரைப் பார்த்திருக்கமாட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அது தோன்றியதுதான் தாமதம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், நான் டெய்லருங்க. எங்க வூட்டுக்கு வர்றவங்களுக்கு தெனமும் போன்ல வழி சொல்றவ. இப்ப ஒங்களுக்குச் சொல்றேன். நீங்க வரணும்."

முன்வரிசையில் மறுபடியும் சிரிப்பு. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அரியலூர்லேருந்து வந்தா எங்க ஸ்டாப்புல ஒரு நிழற்குடை. அதுக்கு எதுத்தாப்புல தெக்க ஒரு வண்டிப்பாத எறங்கும். எறங்குன ஒடனே ஒரு தரப்பாலம், கார் குலுக்கும், டிரைவர மெதுவா ஓட்டச் சொல்லுங்க. அங்கேருந்து ஒங்க எடது கைப்பக்கம் ஒரு பள்ளம் கூடவே வரும். கருவமுள்ளு மூடிக் கெடக்கும். அத வுட்டுடாதீங்க. பனமரம் வரிசையா வரும், அது அத்தனையும் அந்தப் பள்ளத்து கரையிலதான் நிக்கிது. கம்பெனிக்காரங்க அளந்து மஞ்சக் கல்லு நட்டிருக்காங்க, அதுல ஒரு கல்லு பள்ளத்துக்குள்ளயே நிக்கிது, பாத்தா தெரியும். அதத் தாண்டுனா இன்னொரு பாலம். அடியில மூணு குழா. இப்ப ஆடு படுத்துக் கெடக்கும். ஐப்பசியில வந்தீங்கன்னா அந்தப் பாலத்துல கால் வைக்க முடியாது, தண்ணி அந்த வேகத்துல போவும். அதுக்கப்பறம் ஏரி. கரைக்குக் கீழ எங்க வூடு. வழி தப்பவே தப்பாது மேடம். பள்ளத்தப் புடிச்சிக்கிட்டே வந்தா போதும். மேட்டுக்காட்டுத் தண்ணியும் அப்படித்தான் வருது, அதுதான் எங்க ஏரிக்கு..."

மணி. மைக் நின்றது. வரத்து வாய்க்கால் என்று நான் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடு என்று படித்துப் படித்துச் சொன்ன மனிதரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், எதிர்க்க வந்த இடத்தில் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வருகிறாளே என்று முணுமுணுத்தார். இன்னொருவர், வரவேற்புரை சொல்கிற வாய்க்கு வேறென்ன வரும் என்றார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மடியில் அந்த வெள்ளைத் துணி இருந்தது. அதை உதறக்கூட மறந்திருக்கிறேன்.

கம்பெனிக்கு ஆதரவாகப் பலர் பேசினார்கள். வேலை வரும், ரோடு வரும் என்றார்கள். அவர்களும் பிழைப்புக்காகப் பேசுகிறவர்கள்தான். வெயில் சாய்ந்தபோது கூட்டம் முடிவுக்கு வந்தது. பதிவு செய்ததை இப்போது வாசிப்போம், பிழை இருந்தால் சொல்லலாம் என்றார் அதிகாரி. பாதிப் பேர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பையன் கடகடவென்று படித்தான். மாமாவின் முறை வந்தது. அதிகாரிகளையும் காவல்துறையையும் நிறுவனத்தினரையும் பாராட்டிப் பேசினார், கோரிக்கை எதுவும் தெரிவிக்கவில்லை. அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க மனசு வரவில்லை. விரிசல் வந்தது. விபத்து வந்தது. வேலை வந்தது. பிறகு நான். தையல் தொழில் செய்யும் பெண்மணி, தமது ஊருக்கு வரும் வழியை விளக்கி, அதிகாரியை நேரில் வருமாறு அழைத்தார்.

அடுத்தவருக்குப் போய்விட்டான்.

எழுந்து சொல்ல வேண்டும் என்று புத்தி சொல்கிறது. நான் மடியில் இருந்த துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். என் கணவர் எழ முயன்றார். அதற்குள் பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசிய சத்தம்.

"வாய்க்கால எழுதுங்க."

மைக் இல்லை. பெருமைக்குரிய இல்லை, மரியாதைக்குரிய இல்லை, ஒரு அவர்களே இல்லை. மாமா நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் பொன்னாடை பிதுங்கிக்கொண்டிருந்தது. பையன் வாசிப்பதை நிறுத்தினான். வாசல் பக்கம் போனவர்கள் திரும்பினார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர், நீங்கள் பேசியாகிவிட்டது, உட்காருங்கள் என்றார்.

"நான் பேசல. நான் ஒண்ணும் பேசல. எந் தம்பி பொண்டாட்டி பேசிச்சி. அது சொன்ன பள்ளம்தான் எங்க ஏரி வரத்து வாய்க்கா. எழுதுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இவ்வளவு சின்னப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. அதிகாரி தன் முன்னால் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைத் தேடினார்.

"மூணு குழாய்ப் பாலம்னு சொன்னீங்களே, அந்தப் பள்ளமா?"

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஆமாங்க என்றேன். மஞ்சள் கல் ஒன்று அதற்குள் நிற்கிறது என்று சொன்னீர்களா என்று மறுபடி கேட்டார். ஆமாங்க, அதற்குள்தான் நிற்கிறது என்றேன். அவர் பையன் பக்கம் திரும்பி, ஏரிக்கான வரத்து வாய்க்கால் திட்ட இடத்தின் வழியாகச் செல்வதாகவும், வரைபடத்தில் அது காட்டப்படவில்லை என்றும், நேரில் ஆய்வு செய்யக் கோருவதாகவும் சேர்க்கச் சொன்னார். பையன் தட்டினான். முழுவதையும் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். வாசிக்கும் வரை மாமா உட்காரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். எங்கள் ஊர் ஆட்கள் டீக்கடைப் பக்கம் நின்று, யார் எப்படிப் பேசினார்கள் என்று அலசிக்கொண்டிருந்தார்கள். மாமா தனியாகத் தூணோரம் நின்றார். என் கணவர் சில்லறை மாற்றப் போயிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி, வழக்கம் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா என் பக்கம் நடந்து வந்தார். கூரையைப் பார்க்கவில்லை, தூணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா. மிஷினு மேல போத்தி வையி, தூசி படாம இருக்கும்."

பொன்னாடையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சரிங்க மாமா என்றேன். பஸ் வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் ஜீப் வந்தது. நான் சொன்ன வழியிலேயே வந்தார்கள், முதல் பாலத்தில் குலுங்கியதாம், டிரைவர் சொன்னார். முள்ளை வெட்டி, பள்ளத்தை அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் அதிகாரி எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு டம்ளர் மோர் குடித்தார். கூப்பிட்டேன், வந்துவிட்டார், அந்த மரியாதையோடு சரி. முடிவு இன்னும் வரவில்லை. ஏரி இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, மேட்டுக்காட்டில் மஞ்சள் கல்லும் இருக்கிறது. ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.

பொன்னாடை மிஷின் மேல்தான் கிடக்கிறது. ஜரிகை மங்கி, நிறம் போய்விட்டது. காலையில் அதை வாசலில் கொண்டுபோய் உதறினால் கண் திறக்க முடியாத தூசி. தூசியைப் பற்றி நான் தயார் செய்த பேச்சு இன்னும் அட்சரம் பிசகாமல் இருக்கிறது. மூன்று நிமிடம்தான் வரும்.